மருந்துக்கும் தலைமுறை உண்டா?



'தலைமுறை' என்னும் சொல்லை நாம் எங்கெல்லாம் கேட்கிறோம்? தாத்தா, அப்பா, நாம் என்று குடும்பத்தில் கேட்கிறோம். கணிப்பொறியையும் கைபேசியையும் பற்றிப் பேசும்போது நான்காம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை என்று கேட்கிறோம். புதியது வந்ததும் பழையதை ஒதுக்கிவிடுகிறோம். எண் கூடக் கூட ஆற்றலும் கூடும் என்பது நம் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது.

இதே சொல் மருந்துகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பாக்டீரியாக்களை அழிக்கும் குயினோலோன் என்னும் மருந்துக் குடும்பத்தை முதல் தலைமுறை தொடங்கி நான்காம் தலைமுறை வரை பிரித்து நூல்களில் எழுதுகிறார்கள். சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் என்ற பெயர்களை உங்கள் வீட்டு மாத்திரை அட்டைகளில் நீங்களே பார்த்திருக்கலாம். அவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மருந்து விஷயத்தில் 'தலைமுறை' என்ற சொல் நம்மைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்கிறது என்பது என் கருத்து. இது வெறும் சொற்சண்டை அன்று. அந்த எண்ணத்தால் நாம் ஓர் அருமையான பொதுச் சொத்தை இழந்துகொண்டிருக்கிறோம்.

பௌதிகம் கற்பிக்கிறவருக்கு மருந்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்த மருந்து வேலை செய்யும் இடத்தில் நடப்பது கயிறு முறுக்கும் வேலை. முறுக்கும் விசையும் எங்கள் சரக்குத்தானே! ஆகவே தயங்காமல் உள்ளே நுழைவோம்.

எதையோ தேடப்போய்க் கிடைத்தது

நீலகிரியில் தொட்டபெட்டா, நடுவட்டம் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கோனா மரங்களைத் தோட்டமாக வளர்த்தார்கள். அந்த மரப்பட்டையிலிருந்துதான் மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைன், அதாவது நம் முன்னோர் சொன்ன 'கொயினா', கிடைத்தது. 1842இல் ஜெரார் என்ற பிரெஞ்சு வேதியியலார் குயினைனைக் காரத்துடன் சேர்த்துக் காய்ச்சி வடித்தபோது எண்ணெய் போன்ற ஒரு திரவம் கிடைத்தது. குயினைன் என்ற பெயரை ஒட்டியே அதற்குக் குயினோலின் என்ற பெயர் வந்தது. அதே பொருளை 1834இலேயே ரூங்கே என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்திருந்தார். இரண்டு அறுகோண வளையங்கள் ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டு ஒட்டி நிற்கும் அமைப்பு அது. ஒன்பது கார்பன் அணுக்கள், ஒரே ஒரு நைட்ரஜன் அணு.

1934இல் ஜெர்மனியில் ஆண்டர்சாக் என்ற வேதியியலார், இந்த வளையத்தை வைத்துக் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைச் செயற்கையாகத் தயாரித்தார். பின்னர் அமெரிக்காவில் ஸ்டெர்லிங்-வின்த்ராப் ஆய்வுக்கூடத்தில் குளோரோகுயின் தயாரிப்பின்போது ஒரு பக்கவிளை பொருள் கிடைத்தது. அதை வீண் என்று ஒதுக்காமல் சோதித்துப் பார்த்தார்கள். அது பாக்டீரியாவைச் சிறிதளவு அடக்கியது! அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஜார்ஜ் லெஷரும் அவருடைய குழுவினரும் பல சேர்மங்களைச் செய்து பார்த்து, 1962இல் நாலிடிக்சிக் அமிலம் என்ற மருந்தை அறிவித்தார்கள். இதுவே இந்தக் குடும்பத்தின் மூத்தவர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1928இல் ஃபிளெமிங் கண்ட பெனிசிலின், ஒரு பூஞ்சை தானாகவே சுரக்கும் பொருள். குயினோலோன் அப்படிப்பட்டதன்று. அது மனிதன் ஆய்வுக்கூடத்தில் கட்டியது. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

முறுக்கை அவிழ்க்கும் நொதி

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் நீளம் ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர். ஆனால் அதனுள் இருக்கும் டி.என்.ஏ. நூலில் 46 லட்சம் கார இணைகள் உள்ளன. இரண்டு இணைகளுக்கு இடையே 0.34 நானோமீட்டர் தூரம். பெருக்கிப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். தன் நீளத்தைப் போல் 700, 800 மடங்கு நீளமுள்ள நூலை அந்தச் சிறு உயிர் சுருட்டி வைத்திருக்கிறது!

அந்த நூல் இரண்டு இழைகள் முறுக்கிய கயிறு. பாக்டீரியா இரண்டாகப் பிரிய வேண்டுமானால் இழைகள் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் நகல் உண்டாக வேண்டும். இரு புரிகள் முறுக்கிய ஒரு கயிற்றை எடுத்து, இரு முனைகளையும் நண்பர்கள் அசையாமல் பிடித்துக்கொள்ள, நடுவில் புரிகளைப் பிரித்துப் பாருங்கள். பிரித்த இடத்துக்கு இரு பக்கமும் முறுக்கு இறுகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் பிரிக்கவே முடியாது. பாக்டீரியாவுக்கும் இதே சிக்கல்தான்.

அதைத் தீர்க்க ஜைரேஸ் என்ற நொதி இருக்கிறது. கெல்லெர்ட்டும் அவருடைய குழுவினரும் 1976இல் இதைக் கண்டறிந்தார்கள். இந்த நொதி டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் வெட்டுகிறது. வெட்டிய இடைவெளி வழியாகக் கயிற்றின் இன்னொரு பகுதியைக் கடத்துகிறது. பிறகு வெட்டிய முனைகளை மீண்டும் ஒட்டிவிடுகிறது. இதற்கான ஆற்றல் ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. வெட்டு, கடத்து, ஒட்டு! எந்தப் பொறியாளரும் பாராட்டக்கூடிய வேலை.

குயினோலோன் என்ன செய்கிறது தெரியுமா? நொதி வெட்டி முடித்த நொடியில், அந்த வெட்டு வாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முனைகள் ஒட்ட முடிவதில்லை. வெட்டுண்ட டி.என்.ஏ.யுடன் பாக்டீரியா மடிகிறது. அதாவது, பாக்டீரியாவின் சொந்தக் கத்திரியே அதற்கு எமனாகிறது. நம் உடல் உயிரணுக்களிலும் இதுபோன்ற நொதி உண்டு. ஆனால் அதன் அமைப்பு வேறு. பாக்டீரியாவைக் கொல்லப் போதுமான சிறு அளவு அதைத் தொடுவதில்லை.

மூலக்கூறின் 3ஆம் இடத்தில் ஓர் அமிலத் தொகுதியும் 4ஆம் இடத்தில் ஓர் ஆக்சிஜனும் இருக்கின்றன. இவ்விரண்டும் நண்டின் கொடுக்குப் போல ஒரு மக்னீசிய அயனியைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த அயனி வழியாகவே மருந்து நொதியோடு பிணைகிறது. இதே கொடுக்கு, பாலில் உள்ள கால்சியத்தையும், வயிற்றெரிச்சல் மருந்திலுள்ள அலுமினியத்தையும் மக்னீசியத்தையும், சத்து மாத்திரையிலுள்ள இரும்பையும் பிடிக்கும். அப்படிப் பிடித்துக்கொண்டால் மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. "இந்த மாத்திரையைப் பாலோடு விழுங்காதே" என்று மருத்துவர் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு வேதியியல் இருக்கிறது!

ஓர் அணுவின் விலை

மூத்தவரான நாலிடிக்சிக் அமிலத்தின் ஆற்றல் குறைவு. பெரும்பாலும் சிறுநீர்ப்பாதை நோய்களுக்கே அது பயன்பட்டது. வேதியியலார் வளையத்தின் ஒவ்வொரு மூலையிலும் கைவைத்துப் பார்த்தார்கள். 6ஆம் இடத்தில் ஒரு ஃபுளோரின் அணுவையும், 7ஆம் இடத்தில் பைப்பரசீன் என்ற சிறு வளையத்தையும் சேர்த்தபோது ஆற்றல் பல மடங்கு உயர்ந்தது. இப்படி ஜப்பானில் பிறந்தது நார்ஃப்ளாக்சசின். இதுவே இரண்டாம் தலைமுறையின் தொடக்கம்.

நார்ஃப்ளாக்சசினின் 1ஆம் இடத்தில், நைட்ரஜன்மேல், ஈதைல் தொகுதி இருக்கிறது. அதில் இரண்டு கார்பன், ஐந்து ஹைட்ரஜன். அதற்குப் பதிலாக மூன்று கார்பன், ஐந்து ஹைட்ரஜன் கொண்ட ஒரு முக்கோண வளையத்தை வைத்தால் சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிவிடும். கூடியது ஒரே ஒரு கார்பன் அணு! மூலக்கூறு நிறை 319இலிருந்து 331 ஆகிறது. அந்த 12இல்தான் வித்தியாசம். நார்ஃப்ளாக்சசின் குடலையும் சிறுநீர்ப்பாதையையும் விட்டு அதிகம் நகராதது. சிப்ரோஃப்ளாக்சசினோ உடலின் பல பகுதிகளில் நோயைத் தாக்கும் மருந்தாயிற்று. அமெரிக்காவில் முதலாவது 1986இலும் அடுத்தது 1987இலும் அனுமதி பெற்றன.

ஓஃப்ளாக்சசின் கதை இன்னும் சுவையானது. அது வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இருவகை மூலக்கூறுகளின் கலவை. அவற்றில் முனைவாக்கிய ஒளியை இடப்புறம் திருப்பும் வகையே பெரும்பாலும் வேலை செய்கிறது. அதை மட்டும் தனியே பிரித்தெடுத்ததே லெவோஃப்ளாக்சசின். அது மூன்றாம் தலைமுறை. 8ஆம் இடத்தில் ஒரு மீத்தாக்சித் தொகுதி கொண்ட மாக்சிஃப்ளாக்சசின் 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நான்காம் தலைமுறை என்று சில நூல்களும், மூன்றாம் தலைமுறை என்று வேறு சில நூல்களும் சொல்கின்றன. எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை!

எண் பெரிதானால் மருந்து பெரிதா?

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். சூடோமோனாஸ் என்ற கொடிய பாக்டீரியாவை எதிர்ப்பதில், இரண்டாம் தலைமுறைச் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அதன் பின்னால் வந்த மாக்சிஃப்ளாக்சசின் ஈடாகாது. சிறுநீர்ப்பாதை நோய்க்கும் மாக்சிஃப்ளாக்சசின் ஏற்றதன்று. அது சிறுநீரில் போதிய அளவு வெளிவருவதில்லை. நுரையீரலைத் தாக்கும் சில பாக்டீரியாக்களிடம் அது வல்லது. ஆக, அவை வேறு வேறு பூட்டுகளுக்கான வேறு வேறு சாவிகள். புதிய சாவி என்பதற்காக அது எல்லாப் பூட்டையும் திறந்துவிடுமா?

புதியது என்பதற்காகப் பாதுகாப்பானதும் ஆகிவிடாது. டெமாஃப்ளாக்சசின் 1992 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, கடுமையான பக்க விளைவுகளால் அதே ஆண்டு ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. ட்ரோவாஃப்ளாக்சசின் 1997இல் வந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் 1999இல் அதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தார்கள். கேட்டிஃப்ளாக்சசின் இரத்தச் சர்க்கரை அளவைத் தாறுமாறாக்கியது. 2011இல் இந்திய அரசு அதை உட்கொள்ளும் மருந்தாக விற்பதைத் தடை செய்தது. குடும்பம் முழுவதற்குமே, தசைநாண் பாதிக்கப்படலாம் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையை 2008இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் விதித்தது. வளரும் வயதினரின் மூட்டுக் குருத்தெலும்பு பற்றிய கவலையால், உங்கள் வயதினருக்கு இவற்றைக் கொடுக்குமுன் மருத்துவர்கள் இருமுறை யோசிக்கிறார்கள். "வீட்டில் மிச்சம் இருந்தது, போட்டுக்கொண்டேன்" என்று சொல்லத்தக்க மாத்திரையா இது?

கிருமி கற்ற பாடம்

எல்லாவற்றையும்விடப் பெரிய உண்மை இன்னொன்று. தலைமுறைகள் எத்தனை ஆனாலும் அடிப்படை வளையம் ஒன்றே. கொடுக்கும் ஒன்றே. தாக்கும் இலக்கும் ஜைரேசும் அதன் உடன்பிறப்பான மற்றொரு நொதியும்தான். ஜைரேசின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம் மாறிவிட்டால், மக்னீசியப் பாலத்தின் ஒரு கால் ஒடிகிறது. தாத்தாவைத் தோற்கடித்த கிருமி, பேரனைத் தோற்கடிக்கும் பாதையில் பாதித் தூரம் வந்துவிட்டது என்று பொருள்.

இப்படி ஒரு மாற்றம் அரிதாகத்தானே நேரும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் நல்ல உணவு கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். 10 மணி நேரத்தில் 30 இரட்டிப்புகள். இரண்டை 30 முறை பெருக்குங்கள். நூறு கோடிக்கு மேல் வரும். அத்தனை பேரில் ஒருவன் தப்பினால் போதும். மற்றவர்களை மருந்து அழித்து, அவனுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. தேவையில்லாமல் போட்ட ஒவ்வொரு மாத்திரையும் இப்படி ஒரு தேர்வை நடத்திவைக்கிறது.

குயினோலோன் இயற்கையில் இல்லாத பொருள். எனவே எதிர்ப்பாற்றலை ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் ஜீன் இருக்காது என்று பலரும் நம்பினார்கள். 1998இல் அந்த நம்பிக்கையும் பொய்த்தது. அப்படிப்பட்ட ஜீன் ஒன்று கண்டறியப்பட்டது. பாடப்புத்தகத்தை ஒருவருக்கொருவர் கைமாற்றுவதுபோலப் பாக்டீரியாக்கள் அதைக் கைமாற்றிக்கொள்கின்றன.

டைஃபாய்டு காய்ச்சலின் வரலாற்றைப் பாருங்கள். அதற்கு முதலில் குளோராம்ஃபெனிகால் கண்கண்ட மருந்தாக இருந்தது. 1972இல் கேரளத்தின் கோழிக்கோட்டிலிருந்து அதற்கு மசியாத கிருமி பற்றிய செய்தி வந்தது. 1990 வாக்கில் பல மருந்துகளுக்கும் மசியாத டைஃபாய்டு நம் நாட்டில் பரவியபோது சிப்ரோஃப்ளாக்சசின் கைகொடுத்தது. பத்தாண்டு ஆகுமுன் அதன் பலமும் குறையத் தொடங்கிவிட்டது. இன்று நம் மருத்துவர்கள் டைஃபாய்டுக்கு வேறு மருந்துகளையே நாடுகிறார்கள். 2024இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கவலைக்குரிய பாக்டீரியாக்களின் பட்டியலில், குயினோலோனுக்கு மசியாத டைஃபாய்டுக் கிருமியும் இருக்கிறது.

காசநோய் இதைவிட முக்கியம். உலகில் காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு நம்முடையது. ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் என்ற இரு முதன்மை மருந்துகளுக்கும் மசியாத காசநோய்க்கு லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் உயிர்நாடி. ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்ட அந்தச் சிகிச்சையை ஆறே மாதத்தில் முடிக்கும் நான்கு மருந்துத் திட்டத்தை 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அந்த நான்கில் ஒன்று மாக்சிஃப்ளாக்சசின். சாதாரண இருமல் என்று எண்ணி இந்த மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கினால், மறைந்திருக்கும் காசநோய் சற்றே அடங்கி, நோயைக் கண்டறிவது தள்ளிப்போகும். கிருமியும் அந்த மருந்தைப் பழகிக்கொள்ளும். பிறகு உண்மையான சிகிச்சைக்குப் போகும்போது கையிலிருக்கும் நல்ல ஆயுதம் ஒன்று மழுங்கியிருக்கும்.

யார் குற்றம்?

"ஏழைக்கு மருத்துவரிடம் போக நேரமும் பணமும் ஏது? கடையில் கேட்டு வாங்குவதைக் குற்றம் சொல்லலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் ஊதியத்தை இழந்து வரிசையில் நிற்பது எளிதன்று. ஆகவே பழி முழுவதையும் அவர்மேல் போடுவதை நான் ஏற்கவில்லை.

2007இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஹைதராபாத்துக்கு அருகில் உள்ள படான்சேருவில், ஏறக்குறைய 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரைச் சோதித்தார்கள். அதில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கிய நோயாளியின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 மில்லிகிராம்தான் இருக்கும். நோயாளியின் இரத்தத்தைவிடப் பன்னிரண்டு மடங்கு செறிவான மருந்து ஓடையில்! எத்தனை தனிமனிதர்கள் கட்டுப்பாடாக இருந்தாலும், இப்படி ஓர் ஓடை ஓடினால் என்ன பயன்? பண்ணைகளிலும் இதே கதை உண்டு. கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதை 2005இல் அமெரிக்கா தடை செய்ததற்குக் காரணம், மருந்துக்கு மசியாத கிருமி கோழியிலிருந்து மனிதனுக்கு வருவதுதான்.

எனவே கழிவுநீரில் மருந்தின் அளவுக்கு வரம்பு விதிப்பதும், சிற்றூர் வரை மருத்துவரையும் சோதனைக்கூடத்தையும் கொண்டுசெல்வதும் அரசின் கடமை. 2013இல் இந்திய அரசு 'எச்1' என்ற பட்டியலைக் கொண்டுவந்தது. லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் போன்றவை அதில் உள்ளன. இவற்றை விற்கும் கடைக்காரர், எழுதிக்கொடுத்த மருத்துவர் யார், நோயாளி யார், எவ்வளவு கொடுத்தார் என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். சட்டம் நல்லது. அதை நடைமுறைப்படுத்துவதில்தான் பயன் இருக்கிறது. மருத்துவர் எட்டும் தூரத்தில் இல்லாத ஊரில் சட்டம் மட்டும் இருந்தால், மக்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைத்தான் தேடுவார்கள்.

நம் பங்கும் இருக்கிறது. ஜலதோஷம் வைரசால் வருவது. வைரசிடம் ஜைரேஸ் நொதியே கிடையாது. இல்லாத நொதியை மருந்து எப்படித் தாக்கும்? இதை வீட்டில் எடுத்துச் சொல்ல உங்களால் முடியும். வயிற்றுப்போக்கு என்றதும் பெரும்பாலும் வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல்தான். இரத்தம் கலந்து போனாலும் கடும் காய்ச்சல் இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரை அட்டையில் நெடுக்காக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது என்பது பொருள். மருத்துவர் சொன்ன அளவையும் நாளையும் நாமாகக் குறைக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். மிஞ்சியதை அடுத்த வீட்டாருக்குக் கொடுத்து உதவுவது உதவியே ஆகாது.

ஏரித் தண்ணீரை ஒருவர் தம் வயலுக்கு வேண்டியதற்கு மேல் திறந்துவிட்டால், கடைமடைக்காரர் பயிர் காயும். நோய் எதிர்ப்பு மருந்தும் அப்படிப்பட்ட ஊர்ச்சொத்து. ஒரு வேறுபாடு, ஏரி அடுத்த மழைக்கு நிரம்பிவிடும். குயினோலோன் குடும்பத்தில் மூத்தவர் பிறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற டெலாஃப்ளாக்சசின் உட்பட, எல்லோரும் அதே வளையத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஐந்தாம் தலைமுறை வரும், ஆறாம் தலைமுறை வரும் என்று காத்திருப்பதைவிட, கையில் இருக்கும் தலைமுறைகளைக் காப்பாற்றுவதே அறிவுடைமை. அடுத்த முறை 'புதிய தலைமுறை மருந்து' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், "அது எந்தக் கிருமிக்கு? எனக்கு அது தேவைதானா?" என்று கேளுங்கள்.